திண்டுச் செடிக்கு ஈரம் ஆகாது

உங்கள் காவல் நிலைய ஜன்னலோரத்தில் இருக்கும் அந்தக் கள்ளிச் செடிக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கேப்டன். அடித்தண்டு பழுப்பேறிவிட்டது. பிரியமாகத்தான் ஊற்றியிருப்பார்கள். செடிகளை நான் பெரும்பாலும் பிரியமானவர்களிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நடந்ததை முதலிலிருந்து, அவசரப்படாமல் சொல்லச் சொன்னீர்கள். அப்படியே சொல்கிறேன். என் பெயர் ஒட்டாகர் ஹ்ரூபெஷ். சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி ஹெட்விகா. எங்கள் மகள் ரெனாத்தா பிர்னோ நகரத்தில் இருக்கிறாள். அவளைத்தான் நீங்கள் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் அழுவது இங்கே கேட்கிறது. பரவாயில்லை, எனக்கு இடைஞ்சல் இல்லை.

முதலில் செடிகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் வீட்டின் பின்புறச் சரிவில் பலகைக் கற்களைச் செங்குத்தாக, அலமாரியில் புத்தகங்களை நெருக்கி வைப்பது போல நட்டிருக்கிறேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. அந்தச் சந்துகளில் உச்சிமலைச் செடிகள். எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நிறையப் பேர். சங்கமே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் ஜூன் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடுவோம்.

உச்சிமலைச் செடி குளிரில் சாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது குளிரில் சாவதில்லை. ஈரத்தில் சாகும், கொழுப்பில் சாகும். நல்ல மண்ணில் வைத்தால் பச்சைப் பசேலென்று ஊதி வளரும், பூக்காது. பிறகு ஒரு மழைநாளில் தண்டு மண்ணைத் தொடும் இடம், நாங்கள் கழுத்து என்போம், அழுகிவிடும். அதனால் மண்ணே கொடுப்பதில்லை. கல்பொடியும் மணலும்தான். தண்ணீர் மேலிருந்து கிடையாது. குறைவாகக் கொடுக்கக் கொடுக்கச் செடி தன்னைச் சுருக்கிக்கொண்டு, திண்டு போல இறுகிக் குவியும். நல்ல திண்டு எது என்று பார்க்க உள்ளங்கையால் அழுத்துவோம். கல்லைத் தொடுவது போல இருக்க வேண்டும். அமுங்கினால் அந்தச் செடி போய்விட்டது என்று அர்த்தம். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் போய்விட்டதுதான்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, நான் இரக்கப்பட்டேன். விதையிலிருந்து வளர்த்த ஒரு ஆண்ட்ரொசாசே. கைமுட்டி அளவு திண்டு. இலையுதிர் காலத்தில் வாடினது போலத் தெரிந்ததால் கொஞ்சம் மக்கிய இலை போட்டேன். வசந்தத்தில் தொட்டபோது தண்ணீரில் ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னைக் கோபக்காரன் என்று ரெனாத்தா சொல்லியிருப்பாள். நான் கோபக்காரன் இல்லை. பயந்தவன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது ஹெட்விகா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். கை தாராளம். யார் வந்தாலும் தட்டு நிறைய வைப்பாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு மார்புச்சளி கட்டி, அதிலிருந்து இதயம் பலவீனமாகி, மருத்துவமனையில் கிடந்தாள். மார்ச்சில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காரிலிருந்து இறங்கக் கை கொடுத்தபோது அவள் முழங்கைக்குக் கீழே என் விரல்கள் பதிந்தன. கையை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன ஓட்டா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றாள் அவள். "உடம்புல நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். மெதுவா வடிஞ்சிடுமாம்."

எனக்கு அந்தக் குழி தெரிந்த குழி, கேப்டன்.

மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். உப்பைக் குறையுங்கள், தண்ணீரை அளந்து கொடுங்கள் என்றார். எனக்கு உடனே மனம் லேசாயிற்று. மனிதர் பாதி எங்கள் சங்கத்து ஆள் போலப் பேசினார். வெதுவெதுப்பாக வைத்திருங்கள், சத்தாகக் கொடுங்கள் என்றும் சொன்னார்தான். அந்த இடத்தில் அவருக்கு அனுபவம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அவள் தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்து, சேற்றுக் காலணியைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றேன். அவள் சமையலறையில் ரெனாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாம்டி. ஜூன் முடியட்டும். பூவெல்லாம் முடிஞ்சாத்தான் அவன் காதுல எதுவும் ஏறும். இப்ப சொன்னா ஒடிஞ்சு போயிடுவான். ஆமா, உன்கூடவே இருந்துக்கிறேன். இந்த வீட்டுக் குளிர் எனக்கு இனிமே ஒத்துக்காது. அவனா? அவனுக்கென்ன, கல்லுங்க இருக்கே."

நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பூக்களுக்காகக் காத்திருக்கிறேன் என்றாள், அது அவளுடைய நல்ல மனசு. எனக்கு வந்த கவலை வேறு. பல வருடம் ஒரே இடத்தில் வேர் விட்ட செடியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அபூர்வம். அதுவும் நீர் கோத்து ஊதியிருக்கும் நிலையில். பிர்னோவில் ரெனாத்தாவின் வீட்டில் வெந்நீர்க் குழாய் ஓடும் சூடு, ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், மூன்று வேளை வெண்ணெய். ஒரு மாதம் தாங்கமாட்டாள். முதலில் அவளை இறுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாடியில் வடக்குப் பார்த்த அறை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் விதைத் தொட்டிகளை வைப்பேன். கணப்பு கிடையாது. எங்கள் வீடுகளில் ஜன்னல் இரட்டையாக இருக்கும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அந்த அறையின் உள்ஜன்னலைக் கழற்றிக் கீழறையில் வைத்தேன். கட்டிலைப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் பின்புறச் சரிவு முழுக்கத் தெரியும்.

"இங்கயா?" என்றாள் ஹெட்விகா. "இது உன் தொட்டி அறைடா."

"நல்ல காத்து. பூ பூக்கிறத படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"குளிருது ஓட்டா."

"முதல் வாரம் அப்படித்தான் இருக்கும்."

"நான் என்ன உன் செடியா?"

"செடியா இருந்திருந்தா இவ்வளவு பேச்சு இருக்காது" என்றேன். அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் இன்னும் சிரிப்பாள்.

தண்ணீரை நேரடியாகக் கொடுக்கவில்லை. நாளுக்கு நாலு தடவை சுத்தமான துணியைச் சொட்டச் சொட்ட நனைத்துத் தட்டில் வைப்பேன், உறிஞ்சிக்கொள்ளலாம். காலையில் ரை ரொட்டி ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. மாத்திரைகளை நிறுத்தினேன். அவை நீரை வெளியேற்றும் மாத்திரைகள். நீரே கொடுக்காதபோது எதை வெளியேற்றுவது? இதில் தர்க்கப் பிழை எதுவும் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

போர்வை இரண்டு இருந்தது. மே நடுவில் எங்கள் பக்கம் பனிப் புனிதர்களின் நாட்கள் வரும். அந்த மூன்று புனிதர்களும் போகும் வரை யாரும் தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்கமாட்டார்கள், கடைசி உறைபனி அப்போதுதான் விழும். அதுவரைக்குமாவது இரண்டாவது போர்வை இருக்கட்டும் என்று கேட்டாள். நான் யோசித்தேன். உண்மையில் இரவு முழுக்க யோசித்தேன். கடைசி உறைபனியைத் தாங்கினதுதான் அந்த வருடம் பூக்கும். போர்வையை எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஷ்பாச்கோவா அம்மாள் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாத்திரத்தை நீட்டினாள். உருளைக்கிழங்கு சூப், காளான் போட்டது.

"எஞ்சினியரே, உங்க வீட்டம்மா எங்க? ஆளையே காணோம். கல்லுக்கு நடுவுல நட்டுட்டீங்களா?"

"மலைப்பக்கம் ஆரோக்கிய இல்லத்துக்குப் போயிருக்கா. மூச்சுக்கு நல்லதுன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா? அவ கடைக்குப் போனாக்கூட சொல்லிட்டுப் போவாளே."

"திடீர்னு இடம் கிடைச்சுது."

"சரி, அப்ப நீங்களாவது சாப்பிடுங்க. கம்பளிச் சட்டை மாட்டின கொம்பு மாதிரி இருக்கீங்க."

கொடுத்ததை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். சீரக வாசனை வீடு முழுக்கப் போயிற்று. மாடியில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு சத்தமில்லை. நான் மேலே போனபோது அவள் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தொண்டை அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தம்தான் ஆபத்து என்று ஒருமுறை பட்டிருந்ததால் எதுவும் செய்யாமல் இறங்கி வந்தேன்.

அதன் பிறகு பலன் தெரிய ஆரம்பித்தது. முதலில் வீக்கம் வடிந்தது. பிறகு முகவாய் எலும்பு தெரிந்தது, நான் கல்யாணம் செய்த பெண்ணின் முகவாய். தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அமுங்கவில்லை. கேப்டன், அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மார்ச்சிலிருந்து என் வயிற்றில் கிடந்த பயம் அன்றுதான் கொஞ்சம் நகர்ந்தது. கன்னங்களில் வட்டமாகச் சிவப்பு ஏறியிருந்தது. காய்ச்சல் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம்.

குணமும் மாறியது. எதற்கும் வாதாடுவதை விட்டுவிட்டாள். நான் படியேறும் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்துக்கொள்வாள், எனக்குத் தெரியும்படி. நான் கேட்காமலே நன்றி சொல்வாள். ரொட்டிக்கு நன்றி, துணிக்கு நன்றி.

"தோட்டம் ரொம்ப அழகா இருக்கு ஓட்டா," என்றாள் ஒருநாள். குரல் காகிதம் உரசுவது போல இருந்தது. "அந்த நீலம் என்னது? கீழ வந்து கிட்டக்க பாக்கட்டுமா? பாத்துட்டு உடனே மேல வந்துடுறேன். சத்தியமா வந்துடுறேன்."

இத்தனை வருடத்தில் அவள் ஒரு பூவின் பெயரைக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஜென்ஷியன்" என்றேன். "அவசரப்படாத. படிப்படியா வெளிய கொண்டு வரணும்."

"நான் பிர்னோவுக்குப் போகமாட்டேன்" என்றாள் அவள்.

நான் அதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. அவளாகவே சொன்னாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. துணியை நனைத்து வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு வந்தது. அந்த மாதிரி ஒரு வருடம் எனக்கு வாய்த்ததில்லை. சந்துகளே தெரியவில்லை. ஜென்ஷியன்கள் கற்களுக்கு இடையில் மையைக் கொட்டினது போலக் கிடந்தன. சாக்சிஃப்ராகா ஒன்று முழங்கை நீளத்துக்கு வெள்ளைப் பூங்கொத்தை வெளியே நீட்டி வளைந்திருந்தது. ஆண்ட்ரொசாசே திண்டுகளில் இலையே தெரியாதபடி இளஞ்சிவப்பு. வந்தவர்கள் சத்தமாகப் பேசவில்லை, தேவாலயத்தில் நடப்பது போல நடந்தார்கள்.

சங்கச் செயலாளர் வாவ்ரா, பல் மருத்துவர், முழங்காலிட்டு ஒரு திண்டை அழுத்திப் பார்த்தார்.

"படுபாவி ஓட்டா, இது செடியா காங்கிரீட்டா? எதைக் குடுத்து வளக்குற?"

"ஒண்ணும் குடுக்கிறதில்ல."

"அது சரி, எங்களுக்கும் ஒண்ணும் குடுக்கக் காணோமே. உன் பொண்டாட்டி ஹெடா சுடுற பாலாடைக்கட்டி வச்ச கொலாச்சு பன்னுக்காகத்தான் பாதிப் பேர் வர்றோம். உன் புல்லப் பாக்கவா வர்றோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஏதோ தட்டுவது போல, டக், டக். இடைவெளி விட்டு மறுபடி டக்.

வாவ்ரா தலையை உயர்த்தினார். "என்னது அது?"

"மரங்கொத்திக் குருவி. கண்ணாடியில தன் நிழலைப் பாத்துக் கொத்துது. ஒரு வாரமா தொல்லை."

"பாவம், ரொம்ப சோர்ந்து போன குருவி மாதிரி இருக்கே" என்றார் அவர்.

நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். மேகமும் வானமும்தான் கண்ணாடியில் தெரிந்திருக்கும். என் முதுகில் வியர்வை இறங்கியது. அவள் திரும்பி, எடல்வைஸ் எத்தனை வருடத்தில் பூக்கும் என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். நிதானமாக, முழுமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மேலே தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு மேலே போனேன். ஹெட்விகா கட்டிலிலிருந்து இறங்கி ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்படி அவ்வளவு தூரம் வந்தாள் என்று தெரியவில்லை. கல்யாண மோதிரத்தால் தட்டியிருக்கிறாள். கண்ணாடியில் சின்னச் சின்னக் கீறல்கள். நான் அவள் கையைப் பிடித்தபோது மோதிரம் தானாகவே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று பையில் போட்டுக்கொண்டேன்.

"அடிக்காத" என்றாள்.

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. ரெனாத்தாவைக் கேளுங்கள். சாலை வேலையில் வெடி வைத்துவிட்டு விசில் ஊதுவோம். அப்போது தப்பி ஓட நேரமில்லாமல் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு கூலியாளின் கண்களைப் பார்த்திருக்கிறேன். அவள் என்னை அப்படிப் பார்த்தாள். நான் வேறு யாரோ என்பது போல. அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். விதை உறையைத் தூக்குவது போல இருந்தது. அழுத்திப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தாள்.

ரெனாத்தா செவ்வாய்க்கிழமை வந்தாள். ஷ்பாச்கோவா அம்மாள் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு எந்த ஆரோக்கிய இல்லம் என்று கேட்டிருக்கிறாள். ரெனாத்தாவுக்கு ஒன்றும் தெரியாதாம். இவள் பேசும்போதெல்லாம் நான் அம்மா தூங்குகிறாள், தோட்டத்தில் இருக்கிறாள் என்று வேறு வேறாகச் சொல்லியிருந்தேன்.

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா எங்கப்பா?"

"காபி போடட்டுமா?"

"அப்பா, அம்மா எங்க?"

"பூ முடியிற வரைக்கும் யாரும் அவளத் தொந்தரவு பண்ணக் கூடாது ரெனாத்தா. ரொம்ப நல்லா தேறி வர்றா."

அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனாள். மாடியில் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. நான் இரண்டு கோப்பை காபி ஊற்றினேன். அதன் பிறகுதான் அவள் கத்தினாள்.

ஆம்புலன்சில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்கள் கோப்பில் இருக்கும். சூடாக்கின போர்வையில் சுற்றினார்கள். கையில் ஊசி குத்தி, ஒரு பை நிறையத் தண்ணீரை நேராக ரத்தத்தில் இறக்கினார்கள். நான் தெருவில் ஓடிச்சென்று வேண்டாம் என்று சொன்னேன். ஷ்பாச்கோவா அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மறுநாள் காலை ஹெட்விகா இறந்துவிட்டாள். ஒரே ராத்திரி. திண்டுச் செடி போவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். யாரையும் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் பிரியமாகத்தான் செய்தார்கள்.

தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டீர்கள். அது கதவின் வெளிப்புறத்தில் இருந்தது உண்மை. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்கப் போட்டேன் என்று காலையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நான்தான் வாங்கினேன், நான்தான் திருகினேன். அவள் தொலைபேசியில் பேசின அன்று சாயங்காலமே. அவளை இறுக்கிக் குணமாக்குவது பற்றி அப்போது நான் யோசிக்கக்கூட இல்லை. உணவைக் குறைத்ததும், தண்ணீரை நிறுத்தியதும், மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டியதும் நான்தான். எல்லாம் அவள் உடம்புக்காக. இதைத் தட்டச்சு செய்து கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அம்மாவைப் பிர்னோவில் அடக்கம் செய்யப் போவதாக ரெனாத்தா சொல்கிறாளாம். கணவன் என்ற முறையில் நான் ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்டனை எதுவானாலும் கொடுங்கள், மேல்முறையீடு செய்யமாட்டேன். ஹெட்விகா அங்கே போகக் கூடாது. அவள் எங்கேயும் போகக் கூடாது. ஆரம்பத்திலிருந்து நான் கேட்டது அவ்வளவுதான், கேப்டன்.